பொருட்பெயரைக் கழித்த ஓவியம்: என் அரூபப் படைப்புகளை முன்வைத்து

தமிழ்ப்பள்ளியில் படித்த எல்லாருக்கும் பெயர்ச்சொல்லின் ஆறு வகைகள் மனப்பாடமாக இருக்கும். பொருட்பெயர், இடப்பெயர், காலப்பெயர், சினைப்பெயர், பண்புப்பெயர், தொழிற்பெயர். விரல்விட்டு எண்ணிச் சொல்வோம். ஆறாவதற்கு மட்டும் அடுத்த கை தேவைப்படும். தேர்வில் ஒரு பத்தியைக் கொடுத்து வகைப்படுத்தச் சொன்னால், பொருட்பெயரைக் கண்டுபிடிப்பது சுலபம். மரம், வாளி, உளி என்று கண்ணுக்குத் தெரிவதை எழுதிவிட்டால் போதும். பண்புப்பெயரும் தொழிற்பெயரும்தாம் சற்று யோசிக்க வைக்கும். செம்மை, கனம், வட்டம், நீளம்; சாய்தல், வடிதல், சுமத்தல். இவற்றைக் கையில் எடுத்துக் காட்ட முடியாது. ஆனால், இவை இல்லை என்று யாரும் சொல்வதில்லை.

ஓவியமும் சிற்பமும் பயிலும் இறுதியாண்டு மாணவி நான். இந்தத் தொடக்கப்பள்ளி இலக்கணப் பாடம் இப்போதுதான் எனக்கு அதிகம் பயன்படுகிறது. என் படைப்புகளின் முன் நிற்பவர்கள் முதலில் கேட்பது, "இது என்ன?" என்பதே. நல்ல கேள்விதான். ஆனால், அது பொருட்பெயரைப் பதிலாக எதிர்பார்க்கும் கேள்வி. மரம் என்றோ, ஆறு என்றோ, அம்மா என்றோ சொன்னால் கேட்டவர் நிம்மதியாக அடுத்த படத்துக்குப் போய்விடுவார். என் படங்களுக்கு அப்படி ஒரு பதில் இல்லை. பண்புப்பெயராலும் தொழிற்பெயராலும் வேண்டுமானால் பதில் சொல்லலாம்.

இறுதியாண்டுக் கண்காட்சிக்காக நான் செய்த மூன்று படைப்புகளைக் கொண்டு, அரூபக் கலை எப்படி உருவாகிறது, அதை எப்படிப் பார்ப்பது என்று இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். இதே விளக்கத்தைத் துறைக்காக மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்துவிட்டேன். தமிழில் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இருந்தாலும், இந்தப் படைப்புகளில் யாருடைய வாழ்க்கை இருக்கிறதோ அவர்கள் "இது என்ன?" என்று என்னைத் தமிழில்தான் கேட்டார்கள்.

கழித்துக்கொண்டே போதல்

முதலில் சொல்லைப் பார்ப்போம். மலாயில் 'அப்ஸ்ட்ராக்' என்பார்கள், ஆங்கிலத்திலிருந்து வந்தது. அதன் மூலமான லத்தீன் சொல்லுக்குப் 'பிரித்து இழுத்தெடுத்தல்' என்று பொருள். அதாவது, ஒன்றிலிருந்து ஒரு பகுதியை வெளியே எடுப்பது. தமிழில் நாம் அரூபம் அல்லது அருவம் என்கிறோம். இரண்டுக்கும் உருவமில்லாதது என்றே பொருள். இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. என் சிற்பத்துக்கு உருவம் உண்டு. ஏழு அடி நீளம் உண்டு, தொட்டால் கையில் ஒட்டும். உருவமில்லாதது என்று அதை எப்படிச் சொல்வது?

சைவ சித்தாந்தத்தில் உருவம், அருவம் என்ற இரண்டுக்கும் இடையே அருவுருவம் என்று மூன்றாவது நிலை ஒன்றைச் சொல்வார்கள். கை, கால், முகம் என்று உறுப்புகள் தெரியாத, ஆனால் கண்ணுக்குப் புலப்படும் நிலை. இலிங்கத் திருமேனியை அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். சமயத்தை இங்கே விவாதிப்பது என் நோக்கமன்று. 'சாயல் இல்லை, ஆனால் வடிவம் உண்டு' என்ற கருத்துக்கு நம் மொழியில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது என்பதுதான் எனக்கு வியப்பு. அரூப ஓவியம் என்ற வழக்கு நிலைத்துவிட்டதால் நானும் அதையே எழுதுகிறேன். மனத்துக்குள் மட்டும் அருவுருவம் என்று படித்துக்கொள்கிறேன்.

கழித்தல் எப்படி நடக்கிறது என்பதைக் காட்ட டச்சு ஓவியர் பியெட் மோன்ட்ரியானின் மரங்களைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1908-ஆம் ஆண்டு தொடங்கி அவர் வரைந்த சிவப்பு மரத்தில் அடிமரம், கிளை, தரை எல்லாம் தெரியும். 1911-இல் வரைந்த சாம்பல் மரத்தில் கிளைகள் வளைகோடுகளாகி, இடையிலுள்ள வெற்றிடமும் கிளைக்குச் சமமான இடத்தைப் பிடிக்கிறது. 1912-இல் வந்த பூத்த ஆப்பிள் மரத்தில் மரத்தைத் தேடத்தான் வேண்டும். வளைவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கின்றன. நான்கே ஆண்டுகளில் 'மரம்' என்ற பொருட்பெயர் கரைந்துபோய், வளைதல், பிரிதல் என்ற தொழிற்பெயர்கள் எஞ்சுகின்றன. இந்த மூன்று படங்களையும் வரிசையாகப் பார்க்காமல் அவருடைய பிற்காலச் சிவப்பு, மஞ்சள், நீலக் கட்டங்களை மட்டும் பார்ப்பவருக்கு அவை குளியலறை ஓடுபோலத் தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

காண்டின்ஸ்கி வேறு வழியில் வந்தவர். மியூனிக்கில் ஒருநாள் அந்தி நேரத்தில் தம் அறைக்குத் திரும்பியபோது, உள்ளே இனம்புரியாத அழகுடைய ஓர் ஓவியத்தைக் கண்டதாகவும், கிட்டப் போய்ப் பார்த்தால் அது பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்ட தம் சொந்த ஓவியமே என்றும் 1913-இல் வெளிவந்த நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். படத்தில் இருப்பது என்ன என்று தெரியாத அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நிறங்கள் அவருக்கு முழுமையாகத் தெரிந்தன. நண்பர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நாட்காட்டிப் படம் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். முதலில் நிறம் தெரியும். பெயர் பிறகுதான் வரும்.

இதெல்லாம் வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம், நமக்கு ஒத்துவராது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சிக்குக் கோலத்தை என்ன செய்வது? புள்ளிகளை வரிசையாக வைத்து, எந்தப் புள்ளியையும் தொடாமல் ஒரே கோடு சுற்றிச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேர்கிறது. அது பூவும் இல்லை, பறவையும் இல்லை. நம் பாட்டிமார்கள் யாரும் வாசலில் நின்று "இது என்ன?" என்று கேட்டதாக நான் அறியேன். "புள்ளி எத்தனை? எங்கே ஆரம்பிச்சே?" என்றுதான் கேட்பார்கள். அரூபத்தைப் பார்க்கத் தெரிந்தவர்களின் கேள்வி அது.

சாய்வு

என் முதல் படைப்பின் பெயர் 'சாய்வு'. மூன்று பலகைகள், ஒவ்வொன்றும் நான்கு அடி உயரம், இரண்டு அடி அகலம். இதற்குப் பின்னால் இருப்பது கித்தா மரம்.

என் பாட்டி கெடாவில் ஒரு தோட்டத்தில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். அந்தத் தோட்டம் இப்போது செம்பனைக் காடு. பாட்டி பட்டணத்தில் எங்களோடு மலிவுவிலை வீட்டில் இருக்கிறார். நான் தோட்டத்தில் வளரவில்லை. எனக்குத் தோட்டம் என்பது பாட்டியின் பேச்சும், அலமாரியின் அடித்தட்டில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கும் அவருடைய உளியும்தான்.

பால் வெட்டுவது பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மரத்தின் பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேராக நிற்பதில்லை; அடியிலிருந்து மேலே போகும்போது வலப்புறமாகச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. அதனால் வெட்டுக்கோடு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் இருக்க வேண்டும். அப்போதுதான் அதிகக் குழாய்கள் அறுபடும், வடியும் பாலும் கோட்டின் வழியே இறங்கிக் கீழே மங்கில் சேரும். சாய்வு ஏறக்குறைய 30 பாகை. ஒவ்வொரு முறையும் சீவி எடுக்கும் பட்டை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். உளி ஆழப் போனால் பட்டைக்கு அடியிலுள்ள வளர்படலத்தில் காயம் விழும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்து, பிறகு அங்கே வெட்டவே முடியாமல் போகும். விடியுமுன் இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், ஒன்றரை மில்லிமீட்டர் கணக்குத் தவறாமல் நூற்றுக்கணக்கான மரங்கள். இதைக் 'கூலி வேலை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சிற்பக்கலைப் பட்டறையில் உளி பிடித்துப் பழகிய பிறகு அந்தச் சொல்லை என்னால் அப்படிச் சொல்ல முடிவதில்லை.

நான் முதலில் வரைந்தவை வழக்கமான படங்களே. மரம், மங்கு, தலையில் துணி கட்டிய பெண். நாற்பதுக்கும் மேற்பட்ட கரிக்கோல் படங்கள். ஒவ்வொரு படத்திலும் எதையாவது ஒன்றை விடுவது என்று வைத்துக்கொண்டேன். இலையை விட்டேன், ஒன்றும் குறையவில்லை. பின்புறக் காட்டை விட்டேன். பெண்ணை விட்டபோது கை தயங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன். மரத்தின் இரு விளிம்புகளையும் விட்டபோது, தாளில் ஒரு சாய்கோடு மட்டும் இருந்தது. அதையும் நிமிர்த்திப் படுக்கைக்கோடாகப் போட்டுப் பார்த்தேன். உடனே எல்லாம் செத்துப்போனது. அது வெறும் கோடு. ஆகவே, கழிக்க முடியாதது எது என்று தெரிந்தது. மரம் அன்று, சாய்வு.

துணித்திரையில் இதை வரைய முடியாது என்று தோன்றியதால் ஒட்டுப்பலகையைத் தேர்ந்தெடுத்தேன். அதன்மேல் பசையோடு கலந்த அக்ரிலிக் வண்ணத்தைப் படலம் படலமாகப் பூசி, ஒவ்வொன்றையும் காயவிட்டேன். அடியில் கரும்பழுப்பு, அதன்மேல் செங்கல் நிறம், பிறகு இளஞ்சிவப்பு, பாலேட்டு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல். பத்து நாளில் வண்ணம் பட்டைபோலக் கெட்டியானது. பிறகு, பாட்டியின் உளியைத் தீட்டி, மேற்படலத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சீவல் மட்டும் எடுத்தேன். இரண்டு மாதம் ஆயிற்று. தூரிகையால் வரைந்த கோடு ஒன்றுகூட அந்தப் படத்தில் இல்லை. வெட்டிய விளிம்பில் ஐந்து நிறங்களும் மெல்லிய ரேகைகளாகத் தெரிகின்றன. எந்த நிறம் எங்கே வெளிப்படும் என்பதைச் சீவலின் ஆழம் தீர்மானித்ததே தவிர, நான் தீர்மானிக்கவில்லை.

மூன்று பலகைகளையும் ஒரே உயரத்தில் மாட்டவில்லை. மரத்தில் வெட்டு தொடங்கும்போது கோடு நெஞ்சு உயரத்தில் இருக்கும். பட்டை சீவச் சீவ, மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் கோடு கீழே இறங்கிக்கொண்டே போகும். மரத்தைவிட்டு மரம் போகும்போது வெட்டுபவரின் முதுகும் அதற்கேற்ப வளையும். அதனால் முதற்பலகையின் கோடு நெஞ்சுக்கு நேராகவும், மூன்றாம் பலகையின் கோடு முழங்காலுக்கு நேராகவும் வருமாறு மாட்டினேன். கடைசிப் பலகையைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் குனிந்தே ஆக வேண்டும். இது தற்செயல் அன்று என்று கண்காட்சிக்கு வந்தவர்களுக்கு நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் குனிந்தார்கள்.

நம் கழகத்தில் மூத்த மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தோட்டத்து மக்களின் வாழ்க்கையைச் சொல்ல வேண்டுமென்றால் நேரடியாக வரைய வேண்டியதுதானே? இப்படிக் கோடு போட்டால் அவர்கள் இருந்ததே தெரியாமல் போய்விடாதா?" இந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஏற்கெனவே பாதி மறக்கப்பட்ட மக்களை, அவர்களின் பேத்தியே படத்திலிருந்து கழித்துவிட்டாள் என்றால் அது சின்னக் குற்றச்சாட்டு அன்று. பெண்ணின் உருவத்தை விட்டபோது கை தயங்கியது என்று சொன்னது இதனால்தான்.

என் பதில் இதுதான். தலையில் துணி, இடுப்பில் கூடை, கையில் உளி என்று நிற்கும் தோட்டத்துப் பெண்ணை நாம் மலர் அட்டைகளிலும், நாட்காட்டிகளிலும், விழா மேடைப் பதாகைகளிலும் பலமுறை பார்த்துவிட்டோம். பார்த்ததும் 'பாவம்' என்கிறோம், கண் நகர்ந்துவிடுகிறது. அந்தப் படங்களில் பெரும்பாலானவற்றில் உளி பிடித்திருக்கும் விதமே சரியாக இருக்காது. முகம் இருக்கிறது, வேலை இல்லை. என் படத்தில் வேலை மட்டும் இருக்கிறது. இதனால் இழப்பு எதுவும் இல்லை என்று நான் வாதாட மாட்டேன். முகம் போனது போனதுதான். ஆனால், இரண்டில் எது அவர்களைக் கூடுதலாக மறக்கச் செய்கிறது என்ற கேள்விக்கு எனக்கு ஒரு விடை கிடைத்தது. அதைக் கொடுத்தவர் பாட்டி.

கண்காட்சியின் இரண்டாம் நாள் பாட்டியை அழைத்து வந்தோம். தலைப்பைப் படித்துக் காட்டவில்லை, விளக்கமும் சொல்லவில்லை. உளி இரவல் வாங்கியது மட்டும் அவருக்குத் தெரியும். முதற்பலகையின் முன் சிறிது நேரம் நின்றார். பிறகு, கோட்டின் வலப்புறக் கீழ்முனைக்கு நேர்கீழே, பலகைக்கு வெளியே சுவரில், கட்டைவிரலை வைத்தார். "மங்கு இங்க வரணும்," என்றார். அடுத்த பலகைக்கு நகர்ந்து, கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி நின்றார். அப்படி நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. "நீ எங்க பாட்டி இதுல?" என்று என் தம்பி விளையாட்டாகக் கேட்டான். "இந்தா, இங்கதானடா நிக்கிறேன்," என்றார்.

ரூப்பா, பெந்தோக், பிசுபிசுப்பு

இடைநிலைப்பள்ளியில் காட்சிக்கலைப் பாடத்தை மலாயில் படித்தேன். அதில் கலையின் மூலக்கூறுகளைப் பட்டியலிடும்போது ரூப்பா என்றும் பெந்தோக் என்றும் இரண்டு சொற்கள் வரும். ரூப்பா என்பது நீளமும் அகலமும் மட்டும் உள்ள தட்டை வடிவம். பெந்தோக் என்பது கனமும் சேர்ந்த முப்பரிமாண வடிவம். ரூப்பா நமக்குத் தெரிந்த ரூபமேதான்; சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்கும் தமிழுக்கும் தனித்தனியே வந்த சொல். தமிழில் நாம் இரண்டையும் வடிவம் என்றே சொல்லிவிடுகிறோம். வட்டமும் வடிவம், பந்தும் வடிவம். சிற்பத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும்போது இந்தப் பற்றாக்குறை உறுத்துகிறது.

ஆனால், ஜாலினான் என்ற சொல்லுக்கு வந்தால் கதை மாறுகிறது. பரப்பைத் தொட்டால் எப்படி இருக்கும் என்பதைக் குறிக்கும் சொல் அது. பாடநூலில் மெல்லியது, கரடானது என்று சில வகைகள் இருந்தன. தமிழிலோ இரட்டைக்கிளவி என்று ஒரு பாடமே இருக்கிறது. சொரசொர, வழவழ, மொழுமொழு, பிசுபிசு, கொழகொழ, நறநற. ஒவ்வொன்றும் விரல்நுனியில் வேறு வேறாக உணரப்படுவது. சிற்பிகளுக்காகவே செய்துவைத்ததுபோன்ற சொற்கள் இவை. தேர்வுக்காக வாக்கியம் அமைத்ததோடு அவற்றை விட்டுவிட்டோம்.

என் இரண்டாவது படைப்பு 'வடிதல்'. பிசுபிசுப்பில் பிறந்தது. மெல்லிய பருத்தித் துணியை ஏழு அடி நீளப் பட்டைகளாகக் கிழித்து, அம்மோனியா கலந்த இரப்பர் பாலைத் தூரிகையால் பலமுறை பூசி, கூரையிலிருந்து இரும்புக் கம்பியில் தொங்கவிட்டேன். மொத்தம் 12 பட்டைகள். பூசும்போது பால் வெள்ளையாக இருக்கும். காயக் காய வெண்மை போய், தேன்நிறமாகி, வெளிச்சம் ஊடுருவும். தரைக்கு அருகில் பட்டைகளின் நுனிகள் திரண்டு ஒட்டுப்பால்போலச் சுருண்டிருக்கும். மங்கில் காய்ந்து கிடக்கும் மிச்சப்பாலைத் தோட்டத்தில் எப்படிச் சேர்ப்பார்கள் என்று பாட்டி சொன்னதிலிருந்து அது வந்தது. பட்டைகளுக்கு இடையே ஆள் நுழைந்து போகலாம், மேலே உரசும்.

இந்தச் சிற்பத்தில் ஒரு பிரச்சினை உண்டு. இரப்பர் நிலைக்காது. காற்றிலுள்ள உயிர்வாயுவும் வெளிச்சமும் அதைத் தின்றுவிடும். முதலில் நிறம் கறுக்கும், பிறகு ஒட்டும், பிறகு விறைத்து வெடிக்கும். என் விரிவுரையாளர் இதைத் தொடக்கத்திலேயே எடுத்துச் சொன்னார். நார்க்கண்ணாடியில் வார்த்தால் ஐம்பது ஆண்டு இருக்கும் என்றார். நியாயமான ஆலோசனைதான். அவரே எனக்கு ஈவா ஹெஸ் என்ற சிற்பியைப் பற்றியும் படிக்கக் கொடுத்தார். 1936-இல் ஹாம்பர்க்கில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பிக் குடும்பத்தோடு நியூயார்க் சேர்ந்து, 1970-இல் முப்பத்து நான்கே வயதில் மறைந்தவர். இறுதி ஆண்டுகளில் இரப்பர் பாலும் துணியும் நார்க்கண்ணாடியும் கொண்டு அவர் செய்த பெரிய தொங்கு சிற்பங்கள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அவற்றில் இரப்பர் பகுதி கறுத்து விறைத்துவிட்டது. ஒருகாலத்தில் துணிபோல மடங்கிய 'எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்' இப்போது மடங்காது. அந்தப் பொருள் நீடிக்காது என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது.

அவருடைய இரப்பர் எந்த நாட்டு மரத்திலிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. அதை எந்த நூலும் சொல்வதில்லை. பொருள் என்ற இடத்தில் இரப்பர் பால் என்று போட்டிருக்கும். வெட்டியவர் யார் என்று எங்கும் போடுவதில்லை. போடவும் முடியாது.

நான் இரப்பரையே வைத்துக்கொண்டேன். வடிதல் என்ற தொழிற்பெயரை ஐம்பது ஆண்டு நிற்கும் நார்க்கண்ணாடியில் வார்த்தால், அது 'வடிந்தது' ஆகிவிடும். பாட்டி வெட்டிய மரம் எதுவும் இன்று நிற்கவில்லை. அந்த வேலையைப் பற்றிய சிற்பம் மட்டும் அழியாமல் இருக்க வேண்டும் என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. விரிவுரையாளர் ஏற்றுக்கொள்ளவில்லை, ஆனால், தடுக்கவுமில்லை.

எடை

மூன்றாவது சிறியது, அதிகம் சொல்வதற்கில்லை. வளைந்த இரும்புக் கம்பி ஒன்று; இரு முனைகளிலும் சிமெண்டில் வார்த்த இரண்டு கட்டிகள். காண்டாக் கம்பில் இரண்டு வாளிப் பாலைத் தோளில் தூக்கிப் போவதிலிருந்து எடுத்தது. ஒரு கட்டி மற்றதைவிடக் கனமானது. பார்வைக்கு இரண்டும் ஒரே அளவு, ஏனென்றால் ஒன்றினுள்ளே வெற்றிடம் விட்டு வார்த்திருக்கிறேன். கம்பி நிற்கும் தாங்கு நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கிறது. கண் 'இது விழ வேண்டும்' என்கிறது. விழவில்லை. பார்ப்பவர் ஒரு கட்டியின்மேல் விரல் வைத்து அழுத்தினால் எடை தெரியும். எடை என்பது பண்புப்பெயர். அதைக் காட்ட முடியாது, உணர்த்தலாம்.

"இது சிற்பமா?" என்று கேட்டவர்கள் இதற்குத்தான் அதிகம். அவர்களுக்கு நான் ஒரு வழக்கைச் சொல்வதுண்டு. ருமேனியாவில் பிறந்து பாரிசில் வாழ்ந்த பிராங்குசியின் 'வெளியில் பறவை' என்ற வெண்கலச் சிற்பம் 1926-இல் கப்பலில் நியூயார்க் வந்திறங்கியது. இறகோ அலகோ இல்லாத, மேல்நோக்கி ஒல்லியாக உயரும், பளபளவென்று மெருகேற்றிய ஒரே வளைவு அது. கலைப்படைப்புக்கு அந்நாட்டில் சுங்க வரி கிடையாது. ஆனால், சுங்க அதிகாரிகளுக்குப் பறவை தெரியவில்லை. சமையலறைப் பொருள், மருத்துவமனைப் பொருள் என்ற வகையில் அதைச் சேர்த்து 40 விழுக்காடு வரி விதித்தார்கள். வழக்கு நீதிமன்றம் போனது. சிற்பம் என்றால் இயற்கைப் பொருளைப் பார்த்துச் செய்ததாக இருக்க வேண்டும் என்பது அதுவரை இருந்த சட்ட விளக்கம். 1928 நவம்பரில் தீர்ப்பு பிராங்குசிக்குச் சாதகமாக வந்தது. புதிய கலைப் போக்கு ஒன்று தோன்றியிருக்கிறது, அதை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது இருப்பதை நீதிமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கருத்தில் அமைந்த தீர்ப்பு அது. "இது என்ன?" என்ற கேள்விக்கு ஒரு நாட்டின் நீதிமன்றமே பதில் தேட நேர்ந்தது என்றால், நம் கண்காட்சிக்கு வந்த அண்ணன் ஒருவர் குழம்பியதில் வியப்பில்லை.

நம் நாட்டில்

மலேசியாவில் இந்த வழியில் நடந்தவர்கள் உண்டு. நெகிரி செம்பிலானைச் சேர்ந்த லத்திப் மொஹிடின் 1960-களின் தொடக்கத்தில் மேற்கு பெர்லினில் ஓவியம் பயின்றவர். 'பாகோ-பாகோ' என்ற அவருடைய ஓவிய வரிசையில் பகோடா கோபுரமும், முளைக்கும் குருத்தும், கூரிய இலையும் ஒன்றோடொன்று கலந்து, எது எது என்று பிரிக்க முடியாதபடி நிற்கின்றன. 2018-இல் பாரிசின் பொம்பிடு மையம் அந்த ஓவியங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. ஓவியர், சிற்பி என்பதோடு அவர் மலாய்க் கவிஞரும்கூட. தம் கலையைப் பற்றிய சிந்தனைகளைத் தம் தாய்மொழியிலேயே குறிப்பேடாக எழுதி நூலாகவும் வெளியிட்டவர். எனக்கு அவரிடம் பொறாமை இருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான்.

சையத் அஹ்மாட் ஜமால் என்பவரையும் குறிப்பிட வேண்டும். 1929-இல் மூவாரில் பிறந்து, 1995-இல் தேசியக் கலைஞர் விருது பெற்று, 2011-இல் மறைந்தவர். ஓவியத்தில் லேடாங் மலையைக் கூரிய முக்கோண நிற வீச்சாக மாற்றியவர். 1980-களில் கோலாலம்பூரில் அவர் எழுப்பிய 'புஞ்சாக் பூர்ணாமா' என்ற பொதுவெளிச் சிற்பத்தை 2016-இல் மாநகராட்சி இடித்து அகற்றியது. கலைஞர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்தச் சாலையில் அன்றாடம் போய்வந்தவர்களில் எத்தனை பேர் அது இல்லாமல் போனதைக் கவனித்தார்கள் என்பதுதான் என் மனத்தைக் குடைகிறது. பெயர் சொல்லத் தெரியாத ஒன்றைக் காணவில்லை என்று எப்படிப் புகார் கொடுப்பது?

எல்லா அரூப ஓவியமும் நல்லது என்று நான் சொல்லவில்லை. வண்ணத்தைக் கொட்டிவிட்டு 'மனத்தின் குரல்' என்று தலைப்பிட்ட படங்கள் எங்கள் பட்டறையிலேயே சில உண்டு. தரம் பிரிக்க நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். படத்திலுள்ள ஒன்றை மனத்துக்குள் மாற்றிப் பார்ப்பேன்: கோட்டைக் கொஞ்சம் நிமிர்த்தினால், சிவப்பை நீலமாக்கினால், சிற்பத்தை இரண்டு அடி சிறிதாக்கினால் என்ன ஆகும் என்று. எதை மாற்றினாலும் ஒன்றும் ஆகாத படத்தில், ஓவியர் எதையும் கழிக்கவில்லை. எதுவும் இல்லாமலேயே தொடங்கியிருக்கிறார்.

கண்காட்சி முடிந்து 'வடிதல்' வீட்டுக்கு வந்துவிட்டது. அத்தனை நீளத்துக்கு வேறு இடமில்லாததால், துணி காயவைக்கும் பின்கட்டில் தொங்குகிறது. மாதம் ஒருமுறை அதன் நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுக் குறித்து வைக்கிறேன். தேன்நிறம் இப்போது வெல்ல நிறத்துக்கு வந்திருக்கிறது. வெயில் படும் பக்கத்தில் இரண்டு பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவற்றைப் பிரிக்கவா, அப்படியே விடவா என்று பாட்டியிடம் கேட்டேன். நுனியைக் கிள்ளிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு, "வெயில விட்டு உள்ள தள்ளிக் கட்டு, மழக்காலம் வருது," என்றார்.